பழைய எஞ்சினின் குறிப்பேடு
வழியில் திணறிய எஞ்சின் பட்டறைக்கு வந்ததும் ஒழுங்காக இயங்குவதுண்டு. மெக்கானிக் என் செய்வார்? ஓட்டத்தின்போதே எடுத்த பதிவு வேண்டும்.

1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு 16 முனைப் பொது இணைப்பான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் நிறுவனத்துக்கொரு முறை. 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் 12 முனை இணைப்பான் இருந்தது. அதன் மொழியறிந்த சிறு பதிவுக் கருவியைப் பொருத்தினால், எஞ்சினின் சுழற்சி, வெப்பநிலை, ஆக்ஸிஜன் உணரியின் மின்னழுத்தம் ஆகியவை நொடிதோறும் நினைவக அட்டையில் பதியும். மடிக்கணினியை அருகில் வைத்து, சாலையினின்று கண்ணெடுக்கும் ஆபத்து இல்லை.

வீடு திரும்பியபின் அட்டையைக் கணினியிற் படிக்கலாம். திணறிய நொடியில் எந்த அளவு பிறழ்ந்தது என்பது தெரிந்தால், ஊகத்தால் நல்ல உறுப்பைக் கழற்றிப் பணத்தை வீணாக்க வேண்டுவதில்லை அன்றோ?