காத்தடிச்சா படகு ரெடி!

"இந்த லீவுக்கு எங்கே போலாம்?"னு வீட்ல பட்டிமன்றம் ஆரம்பிச்சாச்சா? ஊட்டியில பெடல் போட், முட்டுக்காட்டுல மோட்டார் போட், ஒகேனக்கல்ல பரிசல்... எல்லாமே சூப்பர்தான். ஆனா டிக்கெட் எடுத்து, வரிசையில நின்னு, ஏறி உட்கார்ந்து நாலு போட்டோ எடுக்கறதுக்குள்ள "டைம் முடிஞ்சுது, இறங்குங்க"ம்பாங்க. நமக்கே நமக்குன்னு ஒரு படகு இருந்தா? அதையும் மடிச்சு கார் டிக்கியில போட்டுக்கலாம்னா?

இருக்கு பாஸ். பேரு இன்ஃப்ளேட்டபிள் கயாக். காத்தடிச்சா படகு, காத்தைப் பிடுங்கிட்டா மூட்டை. ஆன்லைன்லயும் பெரிய ஸ்போர்ட்ஸ் கடைகள்லயும் இப்போ சுலபமா கிடைக்குது. அதை ஆர்டர் போடப் போறது நீங்க. கேப்டனா பின்சீட்ல உட்காரப் போறதும் நீங்க. முன்னாடி உட்காரப் போறது நீச்சல் தெரியாத அம்மா. அதனால இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

கயாக்குங்கறது ஆர்க்டிக் பகுதியில வாழுற இனுயிட் மக்களோட கண்டுபிடிப்பு. மரத்துலயோ எலும்புலயோ சட்டம் கட்டி, மேல சீல் தோலைப் போர்த்தி, வேட்டைக்குப் போவாங்க. அந்த வடிவத்தை அப்படியே காத்துல ஊதி எடுத்தா நம்ம ஆளு. "காத்துப் படகா? அது குழந்தைங்க பொம்மையாச்சே!"ன்னு அப்பா சிரிச்சா, ஆட்ரி சதர்லேண்ட் கதையைச் சொல்லுங்க. ஹவாய்ல வாழ்ந்தவங்க. நாலு பிள்ளைங்களைத் தனியா வளர்த்த அம்மா. 1980-ல, கிட்டத்தட்ட 60 வயசுல, ஒரு காத்துக் கயாக்கை எடுத்துக்கிட்டு அலாஸ்கா கடலோரமா தன்னந்தனியா துடுப்புப் போட ஆரம்பிச்சாங்க. அடுத்தடுத்த வருஷங்கள்ல அந்தப் பக்கம் அவங்க கடந்த தூரம் 8,000 மைலுக்கும் மேல! சரியான ஆள் கையில கிடைச்சா இது பொம்மை இல்ல. தப்பான ஆள் கையில கிடைச்சா பொம்மையை விட மோசம்.

எதை வாங்கறது?

மார்க்கெட்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு சாதாரண பி.வி.சி. டியூப் வகை. இன்டெக்ஸ் கம்பெனியோட எக்ஸ்ப்ளோரர் கே2 இதுல ரொம்பப் பிரபலம். ரெண்டு பேர் உட்காரலாம். நீளம் 312 செ.மீ., அகலம் 91 செ.மீ., தாங்கற எடை 180 கிலோ. துடுப்பு, பம்பு எல்லாம் கூடவே வந்துடும். அதே கம்பெனியோட சேலஞ்சர் கே2 நீளம் அதிகம் (351 செ.மீ.), அகலம் கம்மி (76 செ.மீ.). வேகமா போகும், ஆனா ஆட்டமும் அதிகம். குடும்பத்தோட போறவங்களுக்கு என் ஓட்டு அகலமான படகுக்குத்தான். அம்மாவுக்கு வேகம் வேண்டாம், ஆடாம இருந்தா போதும்.

இன்னொரு ஜாதி டிராப் ஸ்டிட்ச். மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூல்களை வெச்சுத் தைச்சிருப்பாங்க. அதிக அழுத்தத்துல காத்தடிச்சாலும் பலூன் மாதிரி உப்பாம, பலகை மாதிரி தட்டையா, விறைப்பா நிக்கும். மெக்கானிக்கல் மாணவர்கள் காதைத் தீட்டிக்கோங்க... இந்த டெக்னிக்கை வெச்சு 1956-லயே குட்இயர் கம்பெனி ஊதினா பறக்கற விமானமே செஞ்சு பார்த்திருக்கு! டிராப் ஸ்டிட்ச் கயாக் நேரா போகும், வேகமா போகும். விலையும் அதே மாதிரி எகிறும். வருஷத்துக்கு நாலு தடவை பிக்னிக் போறதுக்கு இது தேவையில்லைங்கறது என் கட்சி.

அட்டைப்பெட்டியில போட்டிருக்கற எடையை அப்படியே நம்பிடாதீங்க. அப்பா 78 கிலோ, அம்மா 62, தங்கச்சி 45. கூட்டினா 185. 180 கிலோ படகுல புளிசாதம் வைக்கவே இடமில்லை! அந்த எண் படகு மிதக்கற எல்லை, நல்லா ஓடற எல்லை இல்ல. அதுல மூணுல ரெண்டு பங்கோட நிறுத்திக்கிட்டா படகு சொன்ன பேச்சு கேட்கும். அதாவது 120 கிலோ. ஒரு பெரியவர், ஒரு சின்னவர். நாலு பேர் குடும்பம்னா ரெண்டு படகு, இல்லேன்னா ரெண்டு டிரிப். கரையில நிக்கறவங்க போட்டோ எடுக்கட்டும்.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது, காத்து அறைகள் எத்தனைன்னு. குறைஞ்சது மூணு வேணும். இடது, வலது, அடித்தளம் தனித்தனியா இருந்தா, ஒண்ணு பஞ்சர் ஆனாலும் மத்தது கரை சேர்த்துடும். ஒரே அறைன்னா அது நீச்சல் குளத்துக்கு மட்டும்தான்.

காத்துல இருக்கு கணக்கு

பெட்ரோல் பங்க் பக்கம் படகை எடுத்துட்டுப் போகாதீங்க, ப்ளீஸ். கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. அடிக்கற மெஷின் அது. நம்ம டியூப் படகு கேட்கறது ஒண்ணு, ரெண்டு பி.எஸ்.ஐ.தான். கூட வர்ற கைப்பம்பே போதும்.

அடிச்சு முடிச்சு கரையில வெயில்ல போட்டுட்டுச் சாப்பிடப் போனா என்ன ஆகும்? பிளஸ் டூ இயற்பியலைத் தூசி தட்டுங்க. காத்தடிக்கும்போது 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். அழுத்தம் 1.5 பி.எஸ்.ஐ.ன்னு வெச்சுக்கோங்க. வெளிக்காத்தோட 14.7-ஐயும் சேர்த்தா மொத்தம் 16.2. வெயில்ல உள்காத்து 57 டிகிரி ஆச்சுன்னா 330 கெல்வின், பத்து சதவீதம் ஏத்தம். 16.2 இப்போ 17.8 ஆயிடும். 14.7-ஐக் கழிச்சா 3.1. பத்து சதவீத சூட்டுக்கு அழுத்தம் ரெண்டு மடங்கு! பி.வி.சி. கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும், ஆனா தையலும் ஒட்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால, நிழல்ல போடுங்க. இல்லேன்னா கொஞ்சம் காத்தை இறக்கி விடுங்க. தண்ணியில இறக்கினதும் நேர்மாறா நடக்கும். குளிர்ந்து தொளதொளன்னு ஆகும். அஞ்சு நிமிஷம் தண்ணியில மிதக்க விட்டு, மறுபடி ரெண்டு பம்பு அடிச்சுட்டு ஏறுங்க.

லைஃப் ஜாக்கெட்... நோ காம்ப்ரமைஸ்!

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப் போனாங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காடு ஏரியில 22 பேர். 2023 மே மாசம் கேரளாவோட தானூர்ல இன்னொரு 22 பேர், நிறைய குழந்தைங்க. எல்லாம் ஜாலியா கிளம்பின குடும்பங்கள். கடல் நடுவுல இல்ல, கரை கண்ணுக்குத் தெரியற தண்ணியில.

தண்ணியில மனுஷன் ஏறத்தாழ மிதக்கத்தான் செய்வான், மூக்கு மேல இருக்கறதுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் தூக்கல் வேணும். 50 நியூட்டன்னு போட்டிருக்கற ஜாக்கெட் சுமார் 5 கிலோ தூக்கும், அது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. தெரியாதவங்களுக்கு 100 நியூட்டன் வாங்குங்க. தங்கச்சிக்கு அப்பா சைஸ் போடக் கூடாது. தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்கினா ஜாக்கெட் காதைத் தாண்டி வந்தா, அது அவளுக்குச் சேராது. கால் நடுவுல மாட்டற பெல்ட் குழந்தைங்களுக்கு அவசியம்.

அம்மாவைப் புடவையில ஏத்தாதீங்க. நனைஞ்ச புடவை காலைச் சுத்திக்கும், துப்பட்டா துடுப்புல மாட்டும். டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போதும். முதல்ல வெட்கப்படுவாங்க, போட்டோவைப் பார்த்துட்டு அவங்களே வாட்ஸ்அப்ல டி.பி. வெச்சுப்பாங்க!

எங்கே இறங்கலாம்?

சொந்தப் படகு இருக்குங்கறதுக்காக எல்லா ஏரியிலயும் இறங்கிட முடியாது. போட் ஹவுஸ், அணை, காட்டுக்குள்ள இருக்கற நீர்நிலை எதுவானாலும் அனுமதி கேட்கணும். அமராவதி அணையில, கொள்ளிடத்துல முதலை இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்! அணைக்குக் கீழே ஆத்துல இறங்கவே வேண்டாம். எப்போ தண்ணி திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. காவிரியில மணல் அள்ளின குழி எங்கே இருக்குன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது.

மதகு, கலிங்கு, தடுப்பணை... இந்த மூணுக்கும் பக்கத்துலயே போகாதீங்க. தடுப்பணையில வழியற தண்ணி பார்க்க அழகா இருக்கும். ஆனா கீழே விழுந்த தண்ணி திரும்ப சுவரை நோக்கியே சுழலும். அதுல மாட்டின படகும் ஆளும் அதே இடத்துல உருண்டுக்கிட்டே இருக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களையும் விடாது.

கடல்? நம்ம கிழக்குக் கரையில விடியக்காலைல கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆசை வரும். ஆனா அந்த நேரத்துல காத்து பெரும்பாலும் நிலத்துலேர்ந்து கடலுக்குள்ள வீசும். பத்துப் பதினஞ்சு கிலோ படகு, பாதிக்கு மேல தண்ணிக்கு வெளியே. பாய்மரம் மாதிரி உங்களை உள்ளே தள்ளிட்டுப் போயிடும். போறது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும். ஏரியிலயும் இதே ஃபார்முலாதான். போகும்போது காத்தை எதிர்த்துப் போங்க, களைச்சுப் போய்த் திரும்பும்போது காத்து தள்ளிக்கிட்டு வரும்.

ஏறியாச்சா?

கனமானவர் பின்னாடி, லேசானவர் முன்னாடி. தாளம் போடறது முன்சீட், திசை திருப்பறது பின்சீட். முன்னாடி இருக்கறவர் வேகத்துக்குப் பின்னாடி இருக்கறவர் ஒத்துப் போகணும். மாத்திச் செஞ்சா ரெண்டு துடுப்பும் மோதி சண்டை வரும். (ரெண்டு பேர் கயாக்கை விளையாட்டா 'டைவர்ஸ் போட்'னு சொல்ற வழக்கம் உண்டு. அப்பா அம்மாவை ஒரே படகுல ஏத்தறது உங்க ரிஸ்க்!) கையால மட்டும் இழுத்தா பத்து நிமிஷத்துல தோள் போயிடும். இடுப்பை லேசா திருப்பித் துடுப்புப் போடுங்க. அடியில மாட்டற ஸ்கெக்குங்கற சின்ன ரெக்கையை மறந்தா படகு நேரா போகாம கிரைண்டர் மாதிரி சுத்தும்.

முதல் நாள் துடுப்புப் பழகறதுக்கு முன்னாடி விழப் பழகுங்க. மார்பளவு தண்ணியில வேணும்னே கவிழ்த்து, திரும்ப நிமிர்த்தி ஏறணும். படகோட பக்கவாட்டைப் பிடிச்சு, காலை உதைச்சு உடம்பை நீட்டமா மிதக்க விட்டு, வயிறு படகு மேல படறாப்ல இழுத்து ஏறினா வந்துடும். நேரா தொங்கிக்கிட்டு ஏறப் பார்த்தா கால் படகுக்கு அடியில போயிடும். வீட்ல ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது செய்யணும். செய்ய முடியாதவங்க ஆழத்துக்கு வரக் கூடாது, அது பாட்டியானாலும் சரி, பாசக்கார மாமாவானாலும் சரி.

நம்ம ஊர்ல காத்துப் படகுக்குப் பெரிய வில்லன் பாறை இல்ல, சீமைக்கருவேல முள். அதுக்கடுத்து பீர் பாட்டில் சில்லு. ரெண்டும் இருக்கறது கரையில, அதனால இழுக்காம தூக்கிட்டுப் போங்க. ஓட்டை எங்கேன்னு தெரியலையா? பஞ்சர் கடை டெக்னிக்தான், சோப்புத் தண்ணி தடவினா குமிழி வரும். ஆனா சைக்கிள் டியூப் சொல்யூஷன் பி.வி.சி.யில நிக்காது, அதுக்குன்னு இருக்கற பசையும் பேட்சும் வேணும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, நிழல்ல முழுசா காய வெச்சு மடிங்க. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை பிடிச்சு, அடுத்த லீவுல பையைத் திறக்கும்போது வீடே நாறும். பரண் மேல தூக்கிப் போட்டுடாதீங்க. உங்களை விட எலிக்கு அந்த பி.வி.சி. ரொம்பப் பிடிக்கும்.