பாட்டே இல்லாத பாட்டு, கேட்டுப் பாருங்க!



பாட்டு என்றால் நமக்கெல்லாம் சினிமாப் பாட்டுதான் ஞாபகம் வரும். பாட ஒரு ஆள் வேண்டும், வரி வேண்டும், ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன ஐப்பசி வரைக்கும்.

அப்போது எங்க ஆயா இறந்துட்டாங்க. காரியம் முடியும் வரை வீட்டில் டிவி போடக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது. அம்மா யாரிடமும் பேசவே இல்லை. ஒருநாள் ராத்திரி மாமா, "இதுல பாட்டு கெடையாது, தப்பில்ல" என்று சொல்லி போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அவர் சின்ன வயசில் கேசட்டில் கேட்டதாம். சத்தத்தைக் குறைத்து, காதோரம் வைத்துக் கேட்டேன். வயலின் மட்டும் வந்தது. பக்கத்தில் படுத்திருந்த அம்மா திரும்பி, "இன்னொரு தடவ வை" என்றார். மூணு நாளில் அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அதுதான் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்தது. "இதுக்கு என்ன பேர் வைக்கிறது?" என்பதுதான் தலைப்பே! மொத்தம் 10 இசைத் துண்டுகள். வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். இதைத் திருவையாறு தியாகராஜருக்கும் ஜெர்மனி நாட்டு பாக்குக்கும் காணிக்கையாக்கி இருக்கிறார். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. ஆனால் இதில் ஒரு துண்டுக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் பெயர். அடுத்த துண்டின் பெயருக்கு 'நாங்கள் பேசிக்கொண்டோம்' என்று அர்த்தம்! நம்ம ராகமும் அவங்க வயலின் கூட்டமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது மாதிரியே இருக்கும்.

இதன் பிறகு மாமாவைத் தொல்லை செய்து இன்னும் சில கேட்டேன். அதில் ரெண்டு வகையைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வகை: புரோகிரஸிவ் ராக்

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்தது. ராக் இசைக்காரர்கள், "மூணு நிமிஷப் பாட்டு போதாது" என்று சொல்லி, நீளமான இசை, கஷ்டமான தாளம், ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கதை என்று செய்து பார்த்தார்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-ல் வந்தது. இதயம் துடிக்கும் சத்தத்தில் ஆரம்பித்து அதே சத்தத்தில் முடியும். இதில் பாடவும் செய்வார்கள். 'மனி' என்ற பாட்டில் காசு கொட்டும் சத்தமே தாளமாக வரும். எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். நம்ம மிஸ்ர சாபு, தகிட தகதிமி! நடுவில் கிதார் தனியாக வாசிக்கும் இடத்தில் மட்டும் நாலாக மாறிவிடும்.

அதே 1973-ல் வந்தது 'டியூபுலர் பெல்ஸ்'. மைக் ஓல்ட்ஃபீல்ட் இதைப் பதிவு செய்தபோது அவருக்கு 19 வயசு. பெரும்பாலான கருவிகளை அவர் ஒருத்தரே வாசித்தார்.

இரண்டாம் வகை: ஆம்பியன்ட்

நம்மைச் சுற்றி இருக்கும் சத்தத்தோடு கலந்துவிடுகிற இசை என்று சொல்லலாம். 1975-ல் பிரையன் ஈனோ என்பவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டு கொடுத்துவிட்டுப் போனார். சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்து கூட்டி வைக்க உடம்பில் தெம்பு இல்லை. வெளியில் மழை. மழைச் சத்தமும் இசையும் ஒன்றாகக் கேட்டது. "இப்படியும் கேட்கலாமே!" என்று அவருக்கு அப்போது தோன்றியது. எங்க வீட்டில் அந்த ராத்திரி எனக்கு நடந்ததும் இதேதான்.

1978-ல் அவர் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' செய்தார். குரல்களை வேறு வேறு நீளமுள்ள டேப் சுருள்களில் பதிந்து சுற்ற விட்டார். நம்ம பழமலைநாதர் கோயில் பிரகாரத்தை நாலு பேர் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் ஒரே இடத்தில் சேர்வது எப்பவாவதுதானே? அதேபோல ஒருமுறை சேர்ந்த மாதிரி மறுமுறை சேராது.

ஒரு விஷயம் யோசித்தேன். கச்சேரியில் பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறதே, அதை யாராவது தனியாகக் கவனிக்கிறோமா? அது நின்றால்தான் தெரியும்!

எப்படிக் கேட்பது?

1. நடுவில் தள்ளிவிடாமல் முழுசாகக் கேளுங்கள். எங்க அப்பா பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறார். "சூளையைப் பாதியில திறந்தா அத்தனையும் விரிசல் விட்டுடும்" என்பார். இதுவும் அப்படித்தான்.

2. முதல் தடவை போர் அடிக்கும். எனக்கும் அடித்தது. மூணாவது தடவைதான் பிடித்தது.

3. எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், முதலில் 'ஹவ் டு நேம் இட்'. அடுத்து ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலோடு இளையராஜா செய்த 'நத்திங் பட் விண்ட்', 1988. அப்புறம் 'டியூபுலர் பெல்ஸ்'. ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஈனோ.

வரி இல்லாத பாட்டில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். துக்க வீட்டில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எங்க அம்மாவுக்கு அப்போது யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். இப்போதும் பாத்திரம் தேய்க்கும்போது, "அந்த வயலினப் போடு" என்பார்.

கேட்டுவிட்டு, பிடித்ததா இல்லையா என்று கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள்!



9-ஆம் வகுப்பு மாணவி