மராத்தி மண்ணில் தமிழ் படிக்க ஓர் இரும்புக்கை!

சிவகாசி சித்திரக்கதைகளைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகுர்டி, நிக்டி, சிஞ்ச்வட், தேஹு ரோடு பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காட்சி சர்வசாதாரணம். ஷிப்ட் முடிந்து தகப்பனார் வீடு திரும்புவார். பிள்ளைகள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் ஒரு நீலநிறப் பூனை இந்தியில் பேசிக்கொண்டிருக்கும்.

அந்தப் பூனையின் பெயர் 'டோரேமான்'. ஜப்பான் நாட்டுச் சரக்கு. வயிற்றுப் பையில் கையை விட்டு, கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும். பிள்ளைகளுக்கு அதன் கதை முழுவதும் மனப்பாடம்.

ஆனால் அதே பிள்ளையின் கையில் ஊரிலிருந்து வந்த கடிதத்தையோ, கல்யாணப் பத்திரிகையையோ கொடுத்துப் பாருங்கள். "நீங்களே படிச்சுச் சொல்லுங்கப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடும். தமிழ் பேச வரும். படிக்க வராது.

பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் உண்டு. இந்தி உண்டு. மகாராஷ்டிரத்தில் 2020-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். இருக்கிற மாநிலத்தின் மொழியைப் படிப்பது நல்லதுதான். ஆனால் தமிழுக்கு அங்கே இடம் இல்லை. அதை வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது?

ஜப்பான்காரர்கள் செய்த வேலை

இதற்கு அந்த நீலப் பூனையே வழி காட்டுகிறது.

டோரேமான் முதலில் டெலிவிஷனில் பிறக்கவில்லை. காகிதத்தில் பிறந்தது. 'பூஜிகோ எப். பூஜியோ' என்ற புனைபெயரில் எழுதிய சித்திரக்காரர், 1969-ம் ஆண்டுக் கடைசியில் அதைச் சிறுவர் பத்திரிகைகளில் தொடங்கினார். அந்தப் பத்திரிகைகள் வகுப்பு வாரியாக வெளிவந்தவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன.

ஜப்பானிய எழுத்து லேசானது அல்ல. ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் ஒரு குழந்தை 1,026 சித்திர எழுத்துக்களைக் கற்க வேண்டும். ஆகவே சிறுவர் படக்கதைகளில் ஒவ்வொரு கடின எழுத்தின் பக்கத்திலும், அதை எப்படி உச்சரிப்பது என்பதைப் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். குழந்தை கதைக்காகப் பக்கத்தைப் புரட்டுகிறது. எழுத்து தானாக மனதில் ஏறுகிறது!

நம் தமிழில் எழுத்துக்கள் 247. பெரும்பாலானவை உயிரும் மெய்யும் சேர்ந்த கூட்டுத்தான். அடிப்படை வடிவங்களும் கொம்பு, கால், சுழி ஆகிய குறிகளும் பிடிபட்டுவிட்டால் மிச்சம் ஓடி வந்துவிடும். ஜப்பான் குழந்தையின் பாரம் நம் குழந்தைக்கு இல்லை. தேவை, புரட்டத் தூண்டும் கதைதான்.

அந்தக் கதையும் நம்மிடம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

மின்சாரம் பாய்ந்தது, ஆள் மறைந்தான்!

1972-ம் ஆண்டு. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் பெயர் பெற்ற சிவகாசியில், சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் புத்தகத்தின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'.

இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் தமிழரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். முகம் மலர்ந்துவிடும். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து, வாத்தியாரிடம் உதை வாங்கியவர்கள் ஏராளம்.

மாயாவியின் கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஓர் ஆராய்ச்சிக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பிறகு இன்னொரு விபத்து. உடம்பில் மின்சாரம் பாய்கிறது. அவன் உருவம் மறைந்துவிடுகிறது. ஆனால் இரும்புக்கை மட்டும் மறையவில்லை!

அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து பெட்டியைத் திறக்கிறது, கழுத்தைப் பிடிக்கிறது. படத்தைப் பார்த்த சிறுவனுக்கு அன்றிரவு தூக்கம் வருமா?

முதலில் அவன் கெட்டவனாகத்தான் திரிகிறான். பிறகு திருந்துகிறான். 'நிழற்படை' என்ற ரகசியப் போலீசில் சேர்ந்து நாட்டுக்காகப் பாடுபடுகிறான். மின்சாரத்தின் வேகம் கொஞ்ச நேரம்தான். அது தீர்ந்ததும் உருவம் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் கதைக்கு உயிர்.

மாயாவியின் பிறப்பு லண்டனில். 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் வெளிவரத் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர். தொடர்ந்து எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

அங்கே வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். அடுத்த வாரம் பையன் காசு கொடுத்து வாங்க வேண்டுமே! அதனால் ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் கதையை நிறுத்தினார்கள். சிவகாசியில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து முழுப் புத்தகமாகப் போட்டபோது என்ன ஆயிற்று? இரண்டு, மூன்று பக்கத்துக்கு ஒரு திடுக்! கையில் எடுத்தவர்கள் கீழே வைக்காததற்கு அதுவே காரணம்.

தகப்பனாருக்குப் பின் மகன்

முத்து காமிக்சில் மாயாவி மட்டும் இல்லை. முகமூடி அணிந்த வேதாளர், மந்திரவாதி மாண்ட்ரேக், துப்பறியும் ரிப் கிர்பி, ஜானி நீரோ என்று ஒரு பட்டாளமே வந்தது.

1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இளம் வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். முதல் புத்தகம் 'கத்திமுனையில் மாடஸ்டி'. இங்கேதான் ஸ்பைடரும் ஆர்ச்சியும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நண்பர்கள் ஆனார்கள்.

ஸ்பைடர் குற்றவாளியாக இருந்து நல்லவனாக மாறியவன். பெல்ஹாம், ஆர்டினி என்ற இருவர் துணை. அமெரிக்காவின் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதினார். ஆர்ச்சி ஓர் இயந்திர மனிதன். பலமும் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு.

பிறகு இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லர் குதிரையில் வந்து இறங்கினார். போனெல்லி எழுத, கலெப்பினி வரைய, 1948-ல் பிறந்த வீரர் இவர். இத்தாலியில் இன்றும் புதிய கதைகள் வருகின்றன. நவஜோ செவ்விந்தியர்கள் இவரைத் தங்கள் தலைவராக ஏற்று 'இரவுக் கழுகு' என்று அழைக்கிறார்கள். கூட்டாளி கார்சன், மகன் கிட், நவஜோ வீரன் டைகர் ஜாக் ஆகியோர் கூடவே வருவார்கள்.

டெலிவிஷன் வந்தது. கேபிள் வந்தது. விற்பனை சரிந்தது. இடையில் புத்தகங்கள் வருவதே அரிதாகிவிட்டது. ஆனால் 2012-ல் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற புத்தகத்துடன் லயன் மறுபடி எழுந்து நின்றது. வண்ணப் படங்கள், வழவழப்புக் காகிதம் என்று அச்சும் மாறியது. 2022-ல் முத்து காமிக்சுக்கு வயது ஐம்பது ஆனது.

எங்கிருந்து தொடங்குவது?

புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இத்தனை நூறு புத்தகங்களில் எதை எடுப்பது? ஒன்றாம் நம்பரிலிருந்தா?

வேண்டாம். பெரும்பாலான கதைகள் ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். முன்கதை தெரியாமலே படிக்கலாம். நம்பரைப் பார்க்காமல் பிள்ளையின் வயதைப் பாருங்கள்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு லக்கி லூக் கொடுங்கள். பெல்ஜியம் ஓவியர் மோரிஸ் 1946-ல் உருவாக்கிய சிரிப்புக் கௌபாய். தன் நிழலை விட வேகமாகத் துப்பாக்கி எடுப்பவர். படத்தைப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். வசனமும் சின்னதாக இருக்கும்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி. இவற்றின் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. சம்பவங்கள் நம்ப முடியாதவைதான். டோரேமானின் வயிற்றுப் பையை நம்பும் பிள்ளை இரும்புக்கையையும் நம்பும்.

பதின்மூன்று வயதுக்கு மேல் டெக்ஸ் வில்லர். நியாயம், நட்பு, துரோகம் எல்லாம் உண்டு. துப்பாக்கிச் சண்டையும் உண்டு. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது.

கேப்டன் டைகர், இரத்தப் படலம் ஆகியவை பெரியவர்களுக்கு. இரத்தப் படலம் மட்டும் விதிவிலக்கு. நினைவு இழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் நீண்ட தொடர். அதை முதலிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது!

மூன்று சிக்கல்கள்

முதலாவது, எழுத்து. ஊர் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் இருக்கலாம். ஆசையோடு எடுத்து வருவீர்கள். ஆனால் 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில் 'லை', 'ணை', 'னை', 'றா', 'னா' போன்றவை பழைய வடிவில் இருக்கும். துதிக்கை தூக்கிய யானை மாதிரி 'லை' இருக்கும். இன்று எழுத்துக் கூட்டும் பிள்ளை அங்கே தடுக்கி விழும். தொடக்கத்துக்குப் புதிய பதிப்பே நல்லது.

இரண்டாவது, பேச்சு. வீட்டில் 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று பார்க்கிறது. இது வேறு மொழியோ என்று மிரளும். உண்மையில் சித்திரக்கதையின் பெரிய லாபமே இதுதான். யார் பேசுகிறார், கோபமா பயமா என்பதைப் படம் காட்டிவிடுவதால், எழுத்துத் தமிழ் காதில் பேச்சாகவே விழுகிறது. இரண்டு புத்தகம் தாண்டினால் மிரட்சி போய்விடும்.

மூன்றாவது, காசு. சில்லறைக்குக் கிடைத்த காலம் போய்விட்டது. நல்ல காகிதத்தில், குறைந்த பிரதிகள் அச்சிடுவதால் ஒரு புத்தகமே நூறு ரூபாயைத் தாண்டிவிடுகிறது. தொழிலாளி குடும்பத்துக்கு இது யோசிக்க வேண்டிய தொகை. நாலு வீடு சேர்ந்து, வீட்டுக்கு ஒரு புத்தகம் வாங்கி, மாற்றி மாற்றிப் படித்தால் பாரம் தெரியாது. சிவகாசிக்கு நேராகச் சந்தா கட்டலாம். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் சென்னைப் புத்தகக் காட்சியில் எடுத்து வரலாம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மாயாவியைப் படித்துவிட்டு, தானும் மறைந்து போகலாம் என்று பிளக்கில் விரல் விடப் பார்த்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் உண்டு. மின்சாரம் ஆளை மறைக்காது, கொன்றுவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்து நிமிடம் போதும்

புத்தகத்தை வாங்கிக் கையில் கொடுத்து, "படி" என்று சொன்னால் பிள்ளை படிக்காது. கூட உட்கார வேண்டும்.

கதாநாயகன் வசனத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். வில்லன் வசனத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 'டமால்', 'படார்' சத்தங்களை வீட்டில் கடைக்குட்டி போடட்டும். எழுத்து தடுக்கினால் திட்டாதீர்கள். சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். ஆபத்தான இடத்தில் கதையை நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்று புத்தகத்தை மூடுங்கள். லண்டன் பத்திரிகைக்காரர்கள் 1962-ல் செய்த அதே தந்திரம்தான்! நாளை வரை பொறுக்க முடியாத பிள்ளை, நீங்கள் வேலைக்குப் போன பிறகு தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துவிடும்.

பாட்டனும் பாட்டியும் கேட்க, அந்தப் பக்கங்களைப் போனில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்கும் அவர்களுக்கு மாயாவி யார், ஸ்பைடர் யார் என்பது முக்கியம் இல்லை. ஆகுர்டியில் வளரும் பேரன் தமிழ் படிக்கிறான் என்பதுதான் முக்கியம். அடுத்த முறை ஊர்க் கடிதம் வரும்போது, உறையைப் பிரிப்பது நீங்களாக இருக்கட்டும். படிப்பது பிள்ளையாக இருக்கட்டும்.