சுவர் உண்ணும் ஆவி

பண்ருட்டிப் பலாவின் மணத்தை அறியாதார் நம் நாட்டில் அரியர். அதன் சுளைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஓரிரவு வைத்து மறுநாள் கழுவிப் பார்ப்பின், அம்மணம் டப்பாவை விட்டு நீங்குவதில்லை. எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ அவ்வளவு நிற்பதில்லை. மணமென்பது அங்ககப் பொருள்களின் ஆவியே. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஒட்டுவதோடு அமையாது, நீரிற் சர்க்கரை கரைவதுபோல அதனுட் கரைகின்றது. பின்னர் மெல்ல வெளிப்படுகின்றது. காற்றின் மாசை ஆராயும் அறிஞர்க்குப் பேரிடர் விளைத்தது இவ்வெளிய செய்கையே என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மோட்டார் வண்டிகளின் புகை வெயிலிற்பட்டு நச்சுமூட்டமாகத் திரிவதை 1950-ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர், கலிபோர்னியாவிலிருந்த ஹாகன்-ஸ்மிட் என்பார். (அதற்குமுன் அவர் ஆராய்ந்தது அன்னாசிப் பழத்தின் மணம்! பலாவிற்கு அப்பேறு வாய்த்திலது.) பின்வந்தோர் டெப்லான் என்னும் மெல்லிய ஏட்டாற் பெரிய அறைகள் சமைத்து, அவற்றுள் ஆவிகளைச் செலுத்தி, ஒளி பாய்ச்சி, எத்துணை நுண்டுகள் உண்டாகின்றனவென அளந்தனர். தோசைக்கல்லில் மாவு ஒட்டாதிருக்கப் பூசுவதும் இப்பொருளே. ஆதலின் இதன்மேல் ஒன்றும் ஒட்டாதென நம்பியது இயல்பே.

ஆயினும் 2010-இல் மட்சுனாகாவும் ஸீமனும் வெளியிட்ட ஆராய்ச்சி, டெப்லான் சுவரும் ஆவிகளை உள்வாங்குகின்றது என்று காட்டிற்று. எளிதில் ஆவியாகும் பொருள்கள் பெரும்பாலும் காற்றிலேயே தங்கும். எளிதில் ஆவியாகாத கனத்த பொருள்களே சுவரை மிகுதியாய் நாடும். நுண்டுகளாய்த் திரளற்பாலனவும் அக்கனத்த ஆவிகளே யன்றோ? சுவர் அவற்றை உண்டுவிட்டால், அளவில் தோன்றும் மாசு உண்மையிற் குறைந்துவிடும். டொலுயீன் ஆவியைக்கொண்டு செய்து 2014-இல் வெளியான ஆராய்ச்சியில், இக்குறைவு சிற்சில நிலைகளில் நான்கு மடங்குவரை செல்லுமெனக் கண்டனர். அறையில் முன்னரே நுண்டுகளை மிகுதியாக இட்டுவைப்பின், ஆவி சுவரிற் படியுமுன் அவற்றின்மேற் படியும். இஃது ஓர் உபாயம். அறையைப் பெரிதாக்குதல் மற்றொன்று. மும்மீட்டர்ப் பக்கமுள்ள கனசதுர அறையில் ஒரு கனமீட்டர்க் காற்றுக்கு 2 சதுரமீட்டர்ச் சுவரே உண்டு; 20 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள பெட்டியிலோ 30 சதுரமீட்டர்!

இக்கணக்கு நமக்கு அயலன்று. பண்ருட்டிக்குக் கிழக்கே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்தார், 2004-இல் வாளிக்குள் பொருத்திய பிளாஸ்டிக் பையிற் காற்றைப் பிடித்து அமெரிக்காவிலுள்ள ஆய்வுச்சாலைக்கு அனுப்பினர். தம் மூக்கு அறிந்ததை எண்ணால் நிறுவ அவர்கட்கு வேறு வழியில்லை. அத்தகைய பையும் ஒரு சிறிய அறையே; அதன் சுவரும் ஆவியை உண்ணும். கந்தகச் சேர்மங்களை 24 மணி நேரத்திற்குள் ஆராய்க என்னும் விதி இதுபற்றி எழுந்ததே. ஆதலின் பையில் ஒரு நஞ்சு காணப்படின், அது காற்றிற் காணப்பட்ட அளவினும் மிக்கிருந்திருக்கலாம்; காணப்படாமையால் காற்று தூயதென்று கூறுதல் பொருந்தாது. பீனால் முதலிய ஓரிரு பொருள்கள் மட்டும் இதற்கு விலக்கு: அவற்றைப் பையே உமிழுமாதலின், அவற்றைக் கணக்கிற் கொள்ளுமுன் தூய காற்று நிரப்பிய மற்றொரு பையையும் உடன் சோதித்தல் வேண்டும்.