பந்தைக் கொடுப்பவன் ஜயிப்பானா?

2007-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்கு அருகேயுள்ள பெரிய ஆட்ட மண்டபம் ஒன்றில் கூடைப்பந்துப் பந்தயம் நடந்து கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. கிளீவ்லாந்து கோஷ்டி இரண்டு பாயிண்டு பின்தங்கி நிற்கிறது. அந்தக் கோஷ்டியின் நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸ், அப்போது அவருக்கு வயது 22, பந்துடன் கூடையை நோக்கிப் பாய்கிறார். எதிர்க் கட்சிக்காரர்கள் அவரைச் சூழ்ந்து கொள்கிறார்கள். அவரோ கூடையில் போடாமல், ஓரத்தில் தனியே நின்ற டோன்யெல் மார்ஷல் என்னும் சகாவுக்குப் பந்தை வீசி விடுகிறார். மார்ஷல் குறி பார்த்து எறிந்தார். பந்து கூடைக்குள் விழவில்லை. கிளீவ்லாந்து 76-79 என்று தோற்றது.

மறுநாள் முதல் ஆரம்பித்தது அமர்க்களம். "பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன் அந்தச் சமயத்தில் தானே அல்லவா போட்டிருக்க வேண்டும்? பொறுப்பைத் தட்டிக் கழித்து விட்டான்!" என்றார்கள் ஒரு சாரார். "தடுப்பார் இல்லாமல் நிற்பவனிடம் பந்தைக் கொடுப்பதுதான் சரியான ஆட்டம். கூடையில் விழாததற்குக் கொடுத்தவன் என்ன செய்வான்?" என்றார்கள் மற்றொரு சாரார்.

இந்த வாதம் அன்று பிறந்ததல்ல. தன்னலம் பாராமல் ஆடும் நட்சத்திரம் ஒருவரால் தம் கோஷ்டியைக் கடைசி வரையில் அழைத்துச் சென்று ஜயமாலை சூட்ட முடியுமா என்னும் கேள்வி, ஏறக்குறைய அந்த ஆட்டத்தைப் போலவே பழையது.

ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்தில் கூரையின் கீழ் ஆடுவதற்கென்று இதைச் சிருஷ்டித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் மாட்டினார். பெயர் வந்து விட்டது. ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தார் இதை உலகமெங்கும் எடுத்துச் சென்றார்கள். சென்னையில் அச்சங்கத்தார் 1920-ல் உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்ததை நம்மவர் அறிவார்கள். கட்சிக்கு ஐந்து பேர். ஒருவன் கொடுத்த பந்தை மற்றவன் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவன் பெயரில் 'அஸிஸ்ட்' என்று கணக்கு எழுதுவார்கள். ஆகவே தர்மத்துக்கும் இங்கே பேரேடு உண்டு! இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அமெரிக்க லீகில் ஒவ்வொரு கோஷ்டியும் வருஷத்துக்கு 82 ஆட்டம் ஆடுகிறது. இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறோர் ஊர். எதிரியை ஆராய அவகாசம் கிடையாது. பிறகு வருவது 'பிளேஆப்' என்னும் இறுதிப் பந்தய வரிசை. அதில் ஒரே எதிரியுடன் ஏழு ஆட்டம் வரையில் மோத வேண்டும். நான்கில் ஜயித்தவர் மேலே செல்வார். இங்கே எதிரி உங்களை அங்குலம் அங்குலமாக அளந்து விடுகிறான். "இவன் கொடுக்கிறவன். சரி, வாங்குகிறவர்களை மறிப்போம். இவனே போட்டுக் கொள்ளட்டும்!" என்று தீர்மானித்து விடுவான். 2005-ல் டாலஸ் கோஷ்டியார், பீனிக்ஸ் கோஷ்டியின் ஸ்டீவ் நாஷ் விஷயத்தில் செய்த தந்திரம் ஏறக்குறைய இதுவே. நாஷ் கொடுப்பதில் மன்னர். நான்காவது ஆட்டத்தில் அவர் தாமே 48 பாயிண்டு எடுத்தார். பீனிக்ஸ் 109-119 என்று தோற்றது. அந்த வரிசையை அவர்கள் பிறகு ஜயித்தார்கள் என்பது வாஸ்தவம். ஆயினும் 2005, 2006 இரண்டு வருஷமும் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்ற நாஷ், இறுதிப் போட்டியில் ஒரு முறை கூடக் கால் வைத்ததில்லை.

"அப்படியானால் கொடுப்பவர்களுக்குக் கதியில்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். பாஸ்டன் கோஷ்டியின் பில் ரஸ்ஸல் இருக்கிறார். 1956 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்கள் ஆடிப் பதினோரு முறை பட்டம் வென்ற மகாவீரர். அவர் எடுத்த பாயிண்டுகளோ, சராசரி ஆட்டத்துக்குப் பதினைந்துதான். எதிரி எறியும் பந்தைத் தட்டும்போது கூட, ஜனங்கள் கை தட்டுவதற்காக அதை மண்டபத்துக்கு வெளியே அடிக்க மாட்டார். தம் சகா ஒருவன் பிடிக்கும்படியாகவே தட்டி விடுவார். கடைசி மூன்று பருவங்களில் அவரே ஆட்டக்காரர், அவரே பயிற்சியாளர். நிறவேற்றுமை பாராட்டிய அந்த நாட்டில், ஒரு பெரிய தொழில்முறை கூடைப்பந்துக் கோஷ்டியைப் பயிற்சியாளராக நின்று நடத்தி அவர் பட்டம் வென்றது சாமானிய விஷயமல்ல.

ரஸ்ஸலின் பரம எதிரி வில்ட் சேம்பர்லெயின். ஏழடி ஓரங்குல உயரம், பலத்தில் பீமசேனன். 1962 மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்டு எடுத்தார். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி ஐம்பதுக்கும் மேல். பட்டமோ பாஸ்டனுக்கே போயிற்று. இப்படி ஏழு பருவம் கழிந்தது. 1966-ல் பிலடெல்பியா கோஷ்டிக்குப் பயிற்சியாளராக வந்த அலெக்ஸ் ஹானம், "நீர் குறைவாகப் போடும், மற்றவர்களுக்கு அதிகமாகக் கொடும்" என்னும் கருத்தில் அவரைத் திருப்பினார். சேம்பர்லெயினின் சராசரி 33-லிருந்து 24-க்கு இறங்கிற்று. அஸிஸ்ட் ஆட்டத்துக்கு எட்டை நெருங்கிற்று. 81 ஆட்டத்தில் 68 ஜயம்! பாஸ்டன் தொடர்ச்சியாக எட்டு வருஷம் வைத்திருந்த பட்டம் 1967-ல் கைமாறியது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நமக்கு அழகான நீதிக் கதை ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் 1968 என்று ஒரு வருஷம் வந்தது. அந்தப் பருவத்தில் சேம்பர்லெயின் 702 அஸிஸ்டுகள் செய்து லீகிலேயே முதலாவதாக நின்றார். அதில் அவருக்கு மட்டற்ற பெருமை. மறுபடியும் பாஸ்டனை எதிர்த்து 3-1 என்று முன்னேறியது பிலடெல்பியா. பிறகு வரிசையாக இரண்டு தோல்வி. ஏப்ரல் 19-ந் தேதி ஏழாவது ஆட்டம், சொந்த ஊரிலே. பிற்பாதி முழுவதும் அந்த மகா பலசாலி கூடையை நோக்கிப் பந்தை எறிந்தது இரண்டே தடவை! சகாக்களின் எறிகள் வளையத்தில் பட்டுத் திரும்பிக் கொண்டேயிருந்தன. பிலடெல்பியா 96-100 என்று தோற்றது.

நியாயமாகச் சொன்னால், கன்னிங்ஹாம் என்னும் நல்ல ஆட்டக்காரர் மணிக்கட்டு முறிந்து வெளியே உட்கார்ந்திருந்தார். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட மறுநாள் தொடங்கிய வரிசை அது. யாருக்கும் மனம் நிலைகொண்டிருக்க இடமில்லை. அவருக்குப் பந்து அதிகம் வரவில்லை என்பதும் உண்மை. ஆயினும் என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லி விடுகிறேன். பாயிண்டுக் கணக்கை விட்ட சேம்பர்லெயின் அஸிஸ்டுக் கணக்கைப் பிடித்துக் கொண்டார். மாறியது பேரேட்டின் பக்கம் மாத்திரமே. ரஸ்ஸல் எந்தப் பேரேட்டையும் புரட்டியதாகத் தெரியவில்லை. அன்றைய ஆட்டத்துக்கு எது தேவையோ அதைச் செய்தார். கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுப்பது தியாகமா, அல்லது தோல்வியின் பழியை வேறொருவன் தலையில் வைப்பதா என்பது, எறிகிறவனுடைய மனச்சாட்சிக்குத்தான் தெரியும்.

கொடுப்பதில் இன்று வரை முதலிடம் யூட்டா கோஷ்டியின் ஜான் ஸ்டாக்டனுக்கு. பத்தொன்பது பருவத்தில் 15,806 அஸிஸ்ட். பட்டம் ஒன்றுகூட இல்லை. 1997 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் விதி அவரிடம் செய்த பரிகாசத்தைப் பாருங்கள். இரு கட்சியும் 86-86. சிகாகோவின் மைக்கேல் ஜார்டனிடம் பந்து. பாயிண்டு எடுப்பதில் அவருக்கு நிகர் கிடையாது என்று ஊர் உலகமெல்லாம் அறியும். ஆகவே ஸ்டாக்டன் தாம் காவல் காத்த ஸ்டீவ் கெர்ரை விட்டு விட்டு ஜார்டனை மறிக்க ஓடினார். ஜார்டன் கெர்ருக்குக் கொடுத்தார்; கெர் போட்டார்; சிகாகோ ஜயித்தது. மறு வருஷமும் அதே இரு கோஷ்டிகள், அதே ஆறாவது ஆட்டம், கடைசி விநாடிகள். இந்த முறை ஜார்டன் யாருக்கும் கொடுக்கவில்லை. தாமே எறிந்தார். 87-86.

கொடுப்பாரோ மாட்டாரோ என்று எதிரி திகைக்க வேண்டும். அந்தத் திகைப்பில் பாதி ஜயம் இருக்கிறது. கொடுப்பார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அவரை விட்டு விடலாம். கொடுக்க மாட்டார் என்று தெரிந்தால் மூவர் சேர்ந்து அமுக்கி விடலாம்.

டெட்ராய்ட் கதையைப் பாதியில் விட்டேன் அல்லவா? மே 31-ந் தேதி, அதே ஊர், அதே எதிரி, ஐந்தாவது ஆட்டம். கிளீவ்லாந்தின் கடைசி 30 பாயிண்டுகளில் 29-ஐ லெப்ரான் ஒருவரே எடுத்தார். இரண்டு முறை நேரம் நீட்டப்பட்ட அந்த ஆட்டம் 109-107 என்று அவர்களுக்கு ஜயமாயிற்று. பத்து நாளைக்கு முன் கோழை என்றவர்களே அவரைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினார்கள்! ஆனால் இறுதிப் போட்டியில் ஸான் அண்டோனியோவிடம் நாலுக்கு நாலும் தோற்றார்கள். அந்த ஸான் அண்டோனியோ கோஷ்டியே 2014-ல் மறுபடி பட்டம் பெற்றபோது, அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி முப்பது நிமிஷம் ஆடியவர் ஒருவர்கூட அதில் இல்லை. பந்து கைக்குக் கை பறந்தது. டிம் டங்கன் போன்ற மூத்த நட்சத்திரம் அதற்கு இசைந்து நின்றதனால் முடிந்தது அது.

சமீப காலத்தில் இந்தக் கேள்விக்கு உருவமாக நிற்பவர் நிகோலா யோகிச். செர்பியாவில் ஸோம்பர் என்னும் ஊர்க்காரர். 2014-ல் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும்போது நாற்பது பேரை எடுத்த பிறகே அவர் பெயர் அழைக்கப்பட்டது. ஓடுவதில் வேகமில்லை, குதிப்பதில் உயரமில்லை. பந்து மாத்திரம் அவர் கையிலிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய் விடும். 2023-ல் பீனிக்ஸ் கோஷ்டியை எதிர்த்த நான்காவது ஆட்டத்தில் அவர் 53 பாயிண்டு எடுத்தார். டென்வர் 124-129 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் 29 பாயிண்டும் 12 அஸிஸ்டும். டென்வர் 118-102 என்று ஜயித்தது. அந்த வருஷம் பட்டம் டென்வருக்கே. அந்த இறுதி வரிசை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பாயிண்டு, திரும்பிய பந்தைப் பிடித்தல், அஸிஸ்ட் மூன்றிலும் அவரே முதல்வர். அதற்கு முன் யாரும் அப்படி நின்றதில்லை.

அதே யோகிச், அதே கைத்திறன். 2024-ல் மின்னஸோட்டாவிடமும் 2025-ல் ஓக்லஹோமாவிடமும் டென்வர் இரண்டாவது சுற்றிலேயே தோற்றது. இரண்டும் ஏழாவது ஆட்டம் வரையில் சென்று தோற்றவை.