துணி பிழியும் கைக்கும் வரும் டென்னிஸ் எல்போ!



ஈரத் துணியை முறுக்கிப் பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுரீர்னு இழுக்கிறதா? இடுக்கியால் பாத்திரத்தை இறக்கும்போது பிடி நழுவுகிற மாதிரி இருக்கிறதா? காலையில் காபி டம்ளரைத் தூக்கினால்கூட வலிக்கிறதா? அப்படியானால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான்.

இந்த வலிக்கு 'டென்னிஸ் எல்போ' என்று பெயர். எனக்கு இது வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, எங்க வீட்டுக்காரர், "நீ எப்போ டென்னிஸ் ஆடப் போனே?" என்று கேட்டுச் சிரித்தார். 1882-ல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் டென்னிஸ் ஆடுபவர்களின் கையை வைத்து எழுதினாராம். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் மட்டையைத் தொட்டதே இல்லாதவர்கள். முப்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பது சொச்சம் வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம். நான் வீட்டு வேலையோடு ரவிக்கை, பாவாடை தைத்தும் கொடுக்கிறேன். கத்தரிக்கோல் பிடிக்கிற வலது கையிலேயே வந்துவிட்டது.

பிடிக்கிறது விரல்கள், வலி ஏன் முழங்கையில்? பிசியோதெரபி மேடம் அழகாக விளக்கினார்கள். நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் தாங்குவது முன்கையின் மேல்பக்கத் தசைகள். அந்தத் தசைகளெல்லாம் ஒரு நாராகச் சேர்ந்து முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் ஒட்டியிருக்கின்றன. துணி பிழிவது, இடியாப்பம் பிழிவது, மாவு பிசைவது, தேங்காய் துருவுவது என்று ஓயாமல் வேலை கொடுத்தால் அந்த நார் நைந்து போகிறது. அது வீக்கத்தைவிட தேய்மானம்தானாம். அதனால்தான் மாத்திரையும் தைலமும் வலியைக் கொஞ்சம் அடக்குமே தவிர, நாருக்குப் பலம் கொடுக்காது.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முன்கையை மேஜை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மூடிக்கொள்ளுங்கள். மற்றொரு கையால் புறங்கையை அழுத்திக்கொண்டே, மூடிய கையை மேலே தூக்கப் பாருங்கள். முழங்கையின் வெளி மேட்டில் வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் விரல்கள் மரத்துப் போவது, கழுத்திலிருந்து வலி இறங்குவது, கீழே விழுந்த பிறகு கையை நீட்ட முடியாமல் போவது, வீங்கிச் சிவந்து காய்ச்சல் வருவது, இதெல்லாம் வேறு விஷயம். உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

"ஊசி ஒண்ணு போட்டுக்கோ, நாலு நாள்ல பறந்துடும்" என்று என்னிடமும் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் இதைப் பற்றிக் கேட்டேன். 2006-ல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சியைச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்களாம். அதன் பிறகு அவர்களில் நிறையப் பேருக்கு வலி திரும்பிவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பிசியோதெரபி செய்தவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் தேறிவிட்டது. ஆனால் நமக்கு ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அதனால் பயிற்சிதான் என்று முடிவு செய்தேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

முதலில்: முன்கை மேஜை மேல், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. மறு கையால் புறங்கையை அழுத்த வேண்டும். அழுத்தப்படும் கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். முப்பது விநாடி வீதம் ஐந்து தடவை, காலையும் மாலையும்.

அடுத்து, வலி கொஞ்சம் தணிந்ததும்: அதே நிலையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் பாதி தண்ணீர் போதும். மறு கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு வலிக்கிற கை மட்டும் மெதுவாக, நாலு எண்ணுவதற்குள் கீழே இறக்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை. சுலபமாகிவிட்டால் முழு பாட்டில், பிறகு ஒரு கிலோ வரை.

கடைசியில்: முழங்கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மறு கையால் மணிக்கட்டை மெதுவாக மடக்கி முப்பது விநாடி இழுத்துப் பிடிப்பது. மூன்று தடவை.

பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம் என்றார்கள். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழு ஓய்வு கொடுத்தால் நார் இன்னும் பலவீனமாகும், பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேலையும் செய்தால் இன்னும் நையும். கைக்கு அளந்து வேலை கொடுக்கணும், சமையலுக்கு உப்பு போடுகிற மாதிரி.

அந்த அளவில்தான் சகோதரிகளே சிக்கல்! பயிற்சிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கிவிடலாம். மிச்ச நேரம் முழுக்கக் குடம் தூக்கிக்கொண்டும் பெட்ஷீட் பிழிந்துகொண்டும் இருந்தால் எப்படிக் குணமாகும்? மேடம் என் வீட்டுக்காரரையும் வரச் சொல்லி, "சார், மருந்துச் சீட்டுல பாதி உங்களுக்குத்தான். தண்ணி தூக்குறதும் துணி பிழியறதும் ஆறு வாரம் உங்க வேலை" என்று சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் முணுமுணுத்தார். ஒரு நாள் நாலு பெட்ஷீட்டைப் பிழிந்துவிட்டு, "தினமும் இதையா செய்யறே?" என்று கேட்டார். அதன் பிறகு டென்னிஸ் கேலி நின்றது. என் மகனும் இப்போது சப்பாத்தி மாவு பிசைகிறான்.

வேலை செய்யும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி, முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குகிறேன். கனமான துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டு நீரை வடிய விடுகிறேன். மெல்லிய கைப்பிடிகளில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினேன், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. துணி வெட்டும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை இறக்கி வைக்கிறேன். வேலை நேரத்தில் மட்டும் முழங்கைக்கு இரண்டு விரல் கீழே பட்டை போட்டுக்கொண்டேன். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் பாதிக் குடம் தூக்க முடிந்தது. மூன்று மாதத்தில் பழையபடி கத்தரிக்கோல் பிடித்தேன். எல்லோருக்கும் இதே கணக்கு இருக்காது. சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதனால் பக்கத்து வீட்டம்மாவோடு ஒப்பிட்டு மனம் தளராதீர்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டி, பயிற்சியை ஒரு தடவை நேரில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்யுங்கள். போகும்போது மறக்காமல் வீட்டு ஆம்பளை ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள்!

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்