நற்செயலில் தளராமை: கலாத்தியர் 6:9 பற்றிய ஒரு விளக்கம்

மனிதன் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்பதே கலாத்தியர் நிருபத்தின் அடிப்படைப் போதனை. அந்நிருபத்தைப் பவுல், நன்மை செய்வதில் சோர்வடையலாகாது என்னும் அறிவுரையை நோக்கி நடத்திச் செல்கிறார். முன்வாசல் வழியாக வெளியேற்றிய கிரியைகளை அவர் பின்வாசல் வழியாக மீண்டும் அழைத்து வருகிறாரோ? இவ்வினாவுக்கு விடை காணாமல் இவ்வசனத்தைப் பிரசங்கிப்போர், சபையாரின் தோள்மேல் மற்றொரு நியாயப்பிரமாணத்தைச் சுமத்திவிடக்கூடும்.

விடை 6:8இல் அடங்கியுள்ள விதைப்பு உருவகத்தில் இருக்கிறது. விதைக்கிறவன் விளைச்சலை உண்டாக்குவதில்லை; கையிலுள்ள தானியத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். ஆகவே நன்மை செய்தல் இரட்சிப்புக்காகச் செலுத்தும் விலையன்று. அறுப்பைத் தருகிறவர்மேல் வைத்த நம்பிக்கையின் செயல். அன்பினால் கிரியை செய்யும் விசுவாசம் (5:6) என்று முன்னரே கூறியதைத்தான் பவுல் இங்கு வேளாண்மை மொழியில் சொல்லுகிறார்.

1. இரு சொற்கள்

இவ்வசனத்தில் சோர்வைக் குறிக்க இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன. முதலாவது 'எங்ககெயோ', மனம் தளர்ந்து கைவிடுதல் என்பது இதன் பொருள். பவுல் தம் ஊழியத்தைக் குறித்துப் பேசுகையிலும் (2 கொரி. 4:1, 16) இச்சொல்லையே ஆளுகிறார். இரண்டாவது 'எக்லுவோ', கட்டு அவிழ்ந்து தளர்தல் என்பது இதன் பொருள். பசித்த மக்கள் வழியில் சோர்ந்துபோவதைப் பற்றி ஆண்டவர் கவலையுற்ற இடத்திலும் (மத். 15:32) இச்சொல்லே வருகிறது. முன்னது உள்ளத்தின் தளர்ச்சி. பின்னது பயணத்தின் நடுவே நேரும் பலவீனம்.

அறுப்பின் காலத்தைக் குறிக்கும் சொல் 'கைரோஸ்'. அது தேவன் குறித்த தக்க வேளை. அவ்வேளையை நாமே குறித்துக்கொள்ள முற்படும்போதுதான் சோர்வு பிறக்கிறது.

2. நன்மை தவறாகப் பயன்படும்போது

தெசலோனிக்கேயருக்கும் பவுல் இவ்வறிவுரையை எழுதுகிறார் (2 தெச. 3:13). அங்குச் சூழ்நிலை வேறு. வேலை செய்யாமல் பிறர் உழைப்பில் வாழ்ந்த சிலர் அச்சபையில் இருந்தனர். அவர்களைக் கண்டித்த உடனேயே, மற்றவர்கள் நன்மை செய்வதில் தளரக் கூடாதென்கிறார். ஏமாற்றுவோர் சிலர் உண்டு என்பது, மெய்யான ஏழையை வெறுங்கையாய் அனுப்புவதற்குக் காரணமாகாது. நலிந்தோர் நிதியை நிர்வகிக்கும் ஒவ்வொரு போதகரும் இப்பகுதியை மனதிற்கொள்ளுதல் நலம்.

3. எருசலேம் காணிக்கை

இவ்வசனத்திற்குச் சிறந்த விளக்கவுரை பவுலின் சொந்த ஊழியமே. எருசலேமின் ஏழைகளுக்கென அவர் சேர்த்த காணிக்கை ஒருநாள் உற்சாகத்தில் முடிந்ததன்று. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்கேற்பச் சேர்த்து வைக்கும்படி கலாத்திய சபைகளுக்கும் கொரிந்தியருக்கும் திட்டம்பண்ணினார் (1 கொரி. 16:1-2). சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் நம் தாய்மார் இம்முறையை நன்கு அறிவர். கொரிந்தியரோ முந்தின ஆண்டில் ஆர்வத்தோடு தொடங்கியதை முடிக்காமல் நின்றனர்; தொடங்கியதை நிறைவேற்றும்படி அவர் வற்புறுத்த வேண்டியதாயிற்று (2 கொரி. 8:10-11). இறுதியில் மக்கெதோனியாவும் அகாயாவும் கொடுத்தன (ரோமர் 15:26).

ஆயினும் அக்காணிக்கையைக் கொண்டுசெல்லப் புறப்படும் வேளையில், எருசலேம் பரிசுத்தவான்கள் அதை ஏற்றுக்கொள்ளும்படி ஜெபிக்குமாறு அவர் ரோமரை வேண்டுகிறார் (15:31). மறுக்கப்படக்கூடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எருசலேமில் அவருக்கு நேர்ந்தது சிறைவாசம். காணிக்கை எவ்வாறு ஏற்கப்பட்டதென்று லூக்கா விவரிக்கவில்லை, பவுலின் எதிர்வாதத்தில் ஒரு வரியாக மட்டும் அது இடம்பெறுகிறது (அப். 24:17). பல ஆண்டு உழைப்பின் பலனைக் கண்ணால் காணும் உறுதியின்றியே அவர் விதைத்தார்.

நம் ஊழியத்திலும் நன்றி கூறாதோர் உண்டு. பாதியில் நின்றுபோன நற்பணிகளும் உண்டு. அவற்றுக்கு மருந்து, இன்னும் கடினமாக முயலுங்கள் என்னும் கட்டளையன்று. அறுப்பு கர்த்தருடையது என்னும் நற்செய்தியே மருந்து. அதை முதலில் நமக்கே பிரசங்கித்துக்கொள்வோம். பின்னர் சபையோடு சேர்ந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து மீண்டும் விதைப்போம்.